வெறும் போத்தல், ஐஸ்கிறீம் பெட்டி, தேசிக்காய்த் தோல்: குசினியில் நடக்கிற பிழைகள்

மில்லில் திரித்து வந்த கறித்தூளைச் சூட்டோடு ஜாம் போத்தலில் அடைப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. திரிக்கும்போதே தூள் சூடாகிவிடும். மூடினால் அதிலுள்ள ஈரம் ஆவியாகி, மூடியின் அடியில் துளித்துளியாகக் கட்டும். துளி விழுந்த இடத்தில் தூள் கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கொண்டு வந்ததும் சுளகில் சுத்தமான துணி விரித்து, மெல்லிதாகப் பரப்பி, ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். விரலை நடுவில் விட்டுப் பார்த்தால் அங்கேயும் சூடு இருக்கக்கூடாது.

போத்தலைக் கழுவித் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. மூடியின் உட்பக்க வளையத்துக்குள் தண்ணீர் நிற்கும். மூடியையும் போத்தலையும் தனித்தனியாக ஒரு பகல் வெயிலில் வையுங்கள். அன்றாடப் பாவனைக்கு 200 கிராம் அளவு சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திறக்காமல் வைப்பது நல்லது. கொதிக்கிற கறிச்சட்டிக்கு மேலே போத்தலைச் சரித்துத் தட்டவே வேண்டாம். ஆவி நேரே உள்ளே போகும். காய்ந்த கரண்டியால் அள்ளுங்கள்.

அதே ஜாம் போத்தல் தேசிக்காய் ஊறுகாய்க்குச் சரிவராது. உப்பும் புளிப்பும் தகர மூடியை அரித்துத் துரு ஏற்றிவிடும். பிளாஸ்ரிக் மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் தேடுங்கள்.

ஐஸ்கிறீம் பெட்டி குளிருக்கென்று செய்தது. அதற்குள் கொதிக்கக் கொதிக்கக் கறி ஊற்றக்கூடாது, எண்ணெய் மிதக்கிற இறைச்சிக்கறி என்றால் இன்னும் மோசம். பயறு, உழுந்து, செத்தல் மிளகாய் வைக்க அது தாராளம். பிளாஸ்ரிக் சோடாப் போத்தல் 70 பாகைச் சூட்டளவிலேயே இளகத் தொடங்கும். கொதித்தாறிய தண்ணீர் என்றாலும் நன்றாக ஆறின பிறகுதான் விடவேண்டும்.

வடை, மோதகம் பொரித்து எடுத்ததும் பழைய பேப்பரில் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுடு எண்ணெய் அச்சு மையைக் கரைத்து வடையில் ஏற்றும். வாட்டின வாழையிலையோ, கண் வைத்த வடியோ போதும்.

பழப்புளிக் குழம்பை அலுமினியச் சட்டியில் வைத்து இராத்திரி முழுக்க விடவேண்டாம், புளி உலோகத்தைக் கரைக்கும். மண்சட்டிதான் இதற்கு உகந்தது.

பிழிந்த தேசிக்காய்த் தோலுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் கேத்தல் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். அதைக் கம்பித் தும்பால் சுரண்டினால் கீறல் விழும், கீறலில் படை இன்னும் இறுகும். சில்வர் கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறேழு தோல் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். படை இளகும், துணியால் தேய்த்தால் வரும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கழுவுங்கள்.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கழுவி ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் ஓலை கறுத்துப் பூஞ்சணம் பூக்கும். கவிழ்த்து வெயிலில் காயவிட்டு, காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள்.

தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்துப் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் குசினிக்குள் எடுக்காதீர்கள். ஆணியால் துளைத்து, மற்றவர் எடுத்துப் பாவிக்க முடியாமல் ஆக்குங்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் விடவே கூடாது. தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்கு அது தண்ணீர் போலத்தான் தெரியும்.