இரு நாடுகளின் எருப் பயன்பாட்டை ஒப்பிடுவது எப்படி: இந்தியாவும் நெதர்லாந்தும்

இரண்டு நாடுகளின் வயல்களுக்கு எவ்வளவு எரு போகிறது என்று ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் மாடுகளின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் சுமார் 19 கோடி, எருமைகள் சுமார் 11 கோடி. நிகர சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர். நெதர்லாந்தில் அப்போது மாடுகள் சுமார் 38 லட்சம், வேளாண் நிலம் சுமார் 18 லட்சம் ஹெக்டேர். வகுத்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஹெக்டேருக்கு இரண்டு மாடு என்றே விடை வருகிறது. ஆயினும் அங்கே மிஞ்சிய சாணத்தை அகற்றப் பண்ணையாளர் பணம் கொடுக்கிறார். இங்கே நல்ல குப்பை ஒரு டிராக்டர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஆகவே முதல் வேலை, தலைக்கணக்கை விட்டுத் தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்குக்கு மாறுவது.

கலப்புத் தீவனம் தின்று நிறையப் பால் கறக்கும் நெதர்லாந்துப் பசு, ஆண்டுக்கு நூறு கிலோவுக்கும் மேலான தழைச்சத்தைச் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேற்றுகிறது. வைக்கோலையும் மேய்ச்சலையும் நம்பி வாழும் நம் நாட்டு மாட்டிடம் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க முடியாது. நெதர்லாந்தில் 2019இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பன்றிகளும் இருந்தன. அவற்றைச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்கே.

அடுத்து, தொழுவத்திலிருந்து வயல்வரை அந்தச் சத்து போகும் வழியைத் தொடர வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். நெதர்லாந்தில் சாணமும் சிறுநீரும் ஒன்றாகக் குழம்பாகத் தேங்கி, மூடிய தொட்டியில் இருந்து, அம்மோனியா காற்றில் போகாதபடி மண்ணுக்குள் செலுத்தப்படுகின்றன. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இடுவதற்குத் தடைக்காலங்கள் உண்டு. இந்தியாவில் சிறுநீர் பெரும்பாலும் தரையில் ஊறிப் போகிறது, சாணத்தின் கணிசமான பங்கு வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது, திறந்த எருக்குழியில் வெயிலும் மழையும் மேலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்த இழப்புகளைக் கழித்த பிறகு நிற்பதே மண்ணுக்கு வந்த எரு.

விதிகளில் உள்ள எண்களை ஒப்பிடும்போது, அவை எதைச் சொல்லும் எண்கள் என்று பார்க்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் ஐரோப்பிய நைட்ரேட் நெறிமுறைப்படி, நைட்ரேட் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய பகுதிகளில் கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடக்கூடாது. நெதர்லாந்து இதைத் தன் முழு நிலப்பரப்புக்கும் பொருத்தியது, ஆயினும் 2006 முதல் புல்வெளி மிகுந்த பண்ணைகளுக்கு 250 கிலோவரை சலுகை பெற்றிருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடப் பரிந்துரைக்கிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடு என்று கொண்டால் அது 62.5 கிலோ. முன்னது தாண்டக்கூடாத வரம்பு, பின்னது எட்டவேண்டிய அளவு. வயலில் உண்மையில் விழுந்த அளவை இரண்டுமே சொல்லவில்லை.

சத்து பயிருக்குக் கிடைக்கும் வேகமும் வேறு. மாட்டுச் சாணக் குழம்பின் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி அம்மோனியம் வடிவில் இருப்பதால் அந்தப் பருவத்திலேயே பயிருக்கு உதவும். மட்கிய தொழுவுரம் மெல்லத்தான் கொடுக்கும். ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்ற பழமொழியை நான் வெறும் வழக்காகக் கருதுவதில்லை. ஒரே ஆண்டின் எருவை அதே ஆண்டின் விளைச்சலோடு பொருத்துவது ஏன் தவறு என்பதை அது சொல்லிவிடுகிறது.

வகுக்கும் நிலப்பரப்பையும் சரிபாருங்கள். நெதர்லாந்தின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழப் பாதி புல்வெளி. இந்தியாவின் நிகர சாகுபடிப் பரப்பில் மேய்ச்சல் நிலம் சேராது. அலகையும் பாருங்கள்: மணிச்சத்தைப் பாஸ்பரஸாகச் (P) சொல்லியிருந்தால் 2.29ஆல் பெருக்கினால்தான் உர மூட்டையில் அச்சிடும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு (P2O5) அளவுக்கு இணையாகும்.

ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் புள்ளிவிவரத் தளம் மண்ணில் இட்ட எருவையும் மேய்ச்சல் நிலத்தில் விழுந்த எருவையும் தனித்தனியே தருகிறது. அவை குணகங்களை, அதாவது ஒரு விலங்குக்கு இவ்வளவு என்ற சராசரி எண்களை, கொண்டு கணித்தவை, அளந்தவை அல்ல. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள்) தஞ்சை வயல்களில் போடும் ஆட்டுக்கிடை, அதாவது இரவில் மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பது, புழுக்கையோடு சிறுநீரையும் நேரே மண்ணில் சேர்க்கிறது. அதை அந்தக் கணக்கில் தனியாகப் பிரித்துக் காண முடியாது. எத்தனை ஆடு, எத்தனை இரவு, எத்தனை ஏக்கர் என்று கிடை போட்ட விவசாயியிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு, தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.