உப்பில் படுத்த பாசித் தொட்டி

ராதாபுரம் பக்கம் எங்கள் ஊறுகாய்ப் பட்டறைக் கழிவுநீரைப் பாசித் தொட்டியில்தான் சுத்தம் செய்கிறோம். பகலில் பாசி ஆக்சிஜன் தரும். பாக்டீரியா அதை வைத்து அழுக்கைத் தின்று, பாசிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடை விடும். மாங்காய் சீசனில் இந்தக் கூட்டு முறிந்தது. "அண்ணாச்சி, தொட்டி கலங்கி வெளுத்துட்டு" என்றார் வேலையாள். அம்மோனியா வாடை வேறு.

காரணம், மாங்காய் ஊறிய உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 10 கிராம் தாண்டினாலே சாதாரண பாக்டீரியா திணறும். கடல்நீரில் சுமார் 35 கிராம். செல்லுக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வகைதான் பெரும்பாலும் முதலில் படுக்கும். மெல்ல ஏறும் உப்புக்கு ஓரளவு பழகிக்கொள்ளும். திடீரென்று ஏறினால் தாங்காது.

நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொன்னார்கள். இந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போக? ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிடித்தோம். பெரும்பகுதியை ஆழமில்லாத சிமெண்ட் பாத்தியில் வெயிலுக்கு விட்டு, மிச்சத்தை, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் சேர்த்தோம். அப்புறம் கடலோர உப்புக்குட்டைச் சேற்றையும் விதையாகப் போட்டோம். அதில் உப்புக்குப் பழகிய உயிரிகள் உண்டு. பச்சை சீக்கிரம் திரும்பியது. அம்மோனியா வாடை போகத்தான் நாளாயிற்று.