யார் பிழை என்று வாதாடாமல் கார் திருத்தக் காசு வாங்குவது எப்படி?

யாழ்ப்பாணத்தின் பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே, வெங்காய மூட்டை ஏற்றிய பட்டா என்ற சிறு லொறி ஒன்று என் காரின் முன்பக்கத்தை இடித்தது. "அண்ணை, பிழை உங்களுடையதுதான்" என்றார் சாரதி. நானும் அரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தினேன். வீண் வேலை. முழுக் காப்புறுதி இருந்தால், பிழை எவருடையது என்றாலும் உங்கள் வாகனச் சேதத்துக்கு உங்கள் காப்புறுதி நிறுவனமே பணம் தரும். செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டாலோ மது அருந்தியிருந்தாலோ கதை வேறு. மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் வாகனத்துக்கு ஒரு சதமும் வராது. எதிராளியிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில், வாகனத்தை அசைக்காமல் நிறுவனத்துக்கு அழையுங்கள். எவருக்காவது காயம் என்றால் பொலிஸுக்கும் அறிவியுங்கள். காத்திருக்கும் நேரத்தில் இரண்டு இலக்கத் தகடுகளும் சில்லுகள் நின்ற நிலையும் தெரியப் படம் எடுங்கள். காணொளி எனக்குப் பிடிக்காது. கை நடுங்கும், இலக்கம் தெரியாது.

அடுத்து, கோரிக்கைப் படிவத்தோடு கராஜின் செலவு மதிப்பீட்டையும் கொடுங்கள். இதில் சிக்கல் இல்லை.

நான் சறுக்கியது அதற்குப் பிறகுதான். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வெளியே தெரிந்ததை மட்டும் பார்த்து அனுமதி கொடுத்தார். பம்பரைக் கழற்றியபோது முன்விளக்கின் பிளாஸ்டிக் கால் முறிந்திருந்தது, ரேடியேற்றர் தாங்கியும் வளைந்திருந்தது. "மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். பழையவை இரும்புக்காரரிடம் போய்விட்டன. அனுமதியில் இல்லாத பொருள், சேதத்தைக் காட்டப் பழைய பாகங்களும் இல்லை. 18,500 ரூபா என் தலையில் விழுந்தது. எனவே கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்தி, படம் அனுப்பி, மேலதிக அனுமதி எழுத்தில் வந்த பிறகே தொடரச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்ன 'சரி' எதற்கும் உதவாது. பழைய பாகங்களை உரப்பையில் கட்டி வையுங்கள்.

பின்சேர்க்கை: மதிப்பீட்டில் உள்ள முழுத்தொகையும் வரவில்லையே என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தப்படி நீங்கள் ஏற்க வேண்டிய முதற்தொகையைக் கழிப்பார்கள். பெரிய வெட்டு வேறு இடத்தில் விழும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் விலைகள் ஏறின. பலருடைய காப்புறுதிப் பத்திரத்தில் பழைய பெறுமதியே கிடந்தது. 60 இலட்சம் பெறும் காரை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், அது பெறுமதியில் முக்கால் பங்குதான் என்பதால், 200,000 ரூபா சேதத்துக்கும் முக்கால் பங்கான 150,000 என்றுதான் கணக்குப் போடுவார்கள். கேட்ட இருவரில் ஒருவருக்கு நடந்தது இதுதான்.