குண்டுவீச்சுக் கணக்கை எப்படிப் படிப்பது: பெர்லின் 1943-44ஐ வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு நகரத்தின் மேல் மாதக்கணக்கில் குண்டு வீசினார்கள் என்று எங்கே படித்தாலும் கூடவே மூன்று எண்கள் வரும். எத்தனை விமானம், எத்தனை டன், எத்தனை சாவு. மூன்றையும் அப்படியே விழுங்காதீர்கள். யார் எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று பார்க்கப் பழகினால் போதும், பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பெர்லினைத் தாக்கிய கதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஆவணம் ஏராளம், புளுகும் ஏராளம்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். இரவுத் தாக்குதல் என்பதால் 18/19 நவம்பர் 1943 என்று இரட்டைத் தேதி போடுவார்கள். ஒருவர் 18 என்றும் இன்னொருவர் 19 என்றும் எழுதினால் இரண்டும் ஒரே தாக்குதலாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அப்புறம், 'பெர்லின் போர்' என்று சொல்பவர் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். 1943 நவம்பர் 18/19 முதல் 1944 மார்ச் 24/25 வரை பெர்லின் மீது நடந்த பெரிய தாக்குதல்கள் 16. ஆனால் அதே பெயரில் லைப்சிக், நியூரம்பெர்க் போன்ற நகரங்களின் மீது நடந்தவற்றையும் சேர்த்துச் சொல்வது உண்டு. பெர்லின் மட்டும் என்றால் இழந்த விமானங்கள் சுமார் 500, எல்லாம் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல். மார்ச் 30/31 அன்று நியூரம்பெர்க்கில் மட்டும் ஒரே இரவில் 95. எந்த எல்லை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எறிபவரை நம்பாதீர்கள்.

இழப்பு என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. 'திரும்பி வரவில்லை' என்ற பட்டியலில் எதிரி நாட்டிலோ கடலிலோ போனவை மட்டும்தான் வரும். 1943 டிசம்பர் 16/17 அன்று பெர்லினுக்குப் போன லாங்காஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானங்களில் 25 திரும்பவில்லை. திரும்பி வந்தவற்றில் ஏறக்குறைய 30 விமானங்கள் இங்கிலாந்திலேயே மூடுபனியில் இறங்க இடம் தெரியாமல் நொறுங்கின, சிலவற்றை வீரர்கள் பாராசூட்டில் குதித்துக் கைவிட்டார்கள். ஒரு பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அன்றைய இழப்பில் பாதிகூடத் தெரியாது.

சதவீதம் வந்தால் கால்குலேட்டரை எடுங்கள். ஐந்து சதவீத இழப்பு என்றால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வீரர் 30 தாக்குதல் முடித்தால்தான் அவருடைய முதல் சுற்று முடியும். 0.95ஐ 30 தடவை பெருக்கிப் பாருங்கள், 0.21 வரும். அதாவது நூறு பேர் கிளம்பினால் இருபத்தொரு பேர்தான் சுற்றை முடிப்பார்கள். சராசரியை விமான வகைவாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். உயரமாகப் பறக்க முடியாத ஸ்டெர்லிங் விமானங்களை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே ஜெர்மனிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், பழைய வகை ஹாலிஃபாக்ஸ்களை 1944 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மொத்தச் சராசரியில் இது மறைந்துபோகும்.

குண்டு எங்கே விழுந்தது? இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் பலரும் தாண்டிப் போவது இங்கேதான். சேத வரைபடம் கிடைத்தால் விமானங்கள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்று முதலில் தேடுங்கள். கீழேயிருந்து பீரங்கி சுடும்போது குண்டு வீசுபவர் ஒரு நொடி முன்னதாகவே வீசிவிடுவார், அடுத்தவர் முன்னவர் மூட்டிய தீயின் இந்த ஓரத்தையே குறிவைப்பார், இப்படியே சேதம், விமானங்கள் வந்த வழியில் பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். இது கட்டளையிட்டவர்களுக்கும் தெரியும், அதனால் குறிப்புள்ளியையே சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். பெர்லினில் இன்னொரு சிக்கல், குளிர்கால மேகம். தரை தெரியாததால் பாராசூட்டில் தொங்கும் வண்ண விளக்குகளை மேகத்துக்கு மேலே போட்டு அதைக் குறியாக வைத்தார்கள். காற்று அடித்தால் குறியே நகர்ந்துவிடும்.

குண்டு வீசும்போது விமானத்திலிருந்து எடுத்த இரவுப் படங்களைப் பார்த்தால், வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். அது தெருவல்ல. கேமராவின் மூடி திறந்திருக்கும் நேரத்தில் விமானம் நகர்வதால் கீழே எரியும் தீயும் பீரங்கி வெளிச்சமும் இழுபட்டு விழுந்த தடம். பெர்லின் படங்கள் பலவற்றில் அதுகூட இருக்காது, வெறும் மேகம்தான். அதனால்தான் வாரக்கணக்கில் என்ன சேதம் என்றே தெரியாமல் தாக்கிக்கொண்டிருந்தார்கள்.

டன் கணக்கு சுலபம். பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ. எந்த டன் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

வாய்ச்சவடாலைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் 1943 நவம்பர் தொடக்கத்தில் சர்ச்சிலுக்கு எழுதினார்: அமெரிக்கர்களும் சேர்ந்தால் பெர்லினை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நொறுக்கலாம், நமக்கு 400 முதல் 500 விமானம் போகும், ஜெர்மனிக்குப் போரே போய்விடும் என்று. அமெரிக்கர்கள் 1944 மார்ச் வரை சேரவில்லை, விமானங்கள் மட்டும் அவர் சொன்ன அளவுக்குப் போயின. எதிர்ப்பக்கம் ஜெர்மன் பிரசார அமைச்சர் கோயபல்ஸ், பெர்லின் சேதத்தை லண்டன் மிகைப்படுத்துவதைப் பார்த்து அதை மறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டதாக நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பெர்லின் தீர்ந்தது என்று நினைத்தால் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள் அல்லவா! இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொன்னால் அது உண்மை என்ற விதி இங்கே செல்லாது.

சாவு எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. டிரெஸ்டன் மீது 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை நடந்த தாக்குதலுக்கு இரண்டு லட்சம் என்ற எண் இன்றும் சுற்றுகிறது. அந்த நேரத்து ஜெர்மன் போலீஸ் ஆவணத்தில் இருந்தது 20,204, பரப்பப்பட்ட போலிப் பிரதியில் 2,02,040. ஒரு பூஜ்யம்! டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் அதிகபட்சம் 25,000 என்று முடிவு சொன்னது. எண்ணின் பின்னால் பெயர்ப் பட்டியலோ புதைத்த பதிவோ இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டு விகிதம் போடப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. பெர்லினின் போருக்கு முந்தைய 43 லட்சத்தை அப்படியே எடுக்காதீர்கள், 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்துபோன ஹாம்பர்க் நகரத்தைப் பார்த்துப் பயந்து லட்சக்கணக்கானோரை வெளியேற்றிவிட்டார்கள். அதேபோல அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவரையும் போர்க்கைதிகளையும் ஜெர்மன் அறிக்கைகள் தனிப் பிரிவில் எழுதின. மொத்தத்தைக் கூட்டும்போது அந்தப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.