வியன்னாவில் ஒரு நாள்: ஓவியம், கட்டடம், இசை மூன்றையும் பார்க்கும் வழி

முதல்முறை போனபோது காலையில் அருங்காட்சியகம், மதியம் கட்டடங்கள், இரவு ஓபரா என்று வரிசை போட்டேன். திரை விலகும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சின. அடுத்த முறை இரவை முதலில் முடிவுசெய்து, அதிலிருந்து பின்னோக்கித் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன், சரியாக வந்தது. விசா, தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. இரவிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டாட்ஸ்ஓப்பர் என்ற அரசு ஓபரா (இசை நாடக) அரங்கில் அமர்ந்து பார்க்கும் நல்ல டிக்கெட் பையைக் காலியாக்கிவிடும். ஆனால் அங்கே நின்று பார்க்க 400-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. அதன் பெயர் ‘ஷ்டேப்ளாட்ஸ்’. விலை மிகக் குறைவு, அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றுதான் விற்பார்கள். நேரத்தை அவர்களுடைய இணையதளத்திலேயே பாருங்கள். தெருவில் பழங்கால டோப்பா வைத்துக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்க வருபவர்களிடம் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

2. போக்குவரத்து

24 மணி நேர டிக்கெட் போதும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம். எனக்கு மொபைல் செயலிதான் பிடிக்கும், முத்திரைத் தொல்லை கிடையாது.

3. ஓவியம்: ஒரே ஓர் அறை

1891-இல் திறந்த குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகத்தை ஒரு நாளில் முடிக்க முடியாது. முயலவும் வேண்டாம். எகிப்து மம்மிகளைத் தாண்டி நேராக மாடியேறுங்கள். ஏறும்போது அண்ணாந்து பார்த்தால் தூண்களுக்கு இடையில் வியன்னா ஓவியர் கிளிம்ட் இளவயதில் தீட்டிய உருவங்கள் தெரியும். பெரும்பாலோர் கைபேசியைப் பார்த்தபடியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மேலே பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் அறை. ‘பாபேல் கோபுரம்’ (1563) முன்னால் எல்லோரும் கோபுர உச்சியையே பார்ப்பார்கள். நீங்கள் இடது கீழ் மூலையைப் பாருங்கள். ராஜா மேற்பார்வைக்கு வந்திருக்கிறார், கல்தச்சர்கள் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ (1565). அதில் விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று மற்றொன்றில் தொங்குகிறது. இந்த இரண்டுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். நடுவில் உட்கார இருக்கை இருந்தால் வெட்கப்படாமல் உட்காருங்கள். கிளிம்டின் ‘முத்தம்’ வேண்டுமென்றால் மேல் பெல்வெடேர் என்ற அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ‘டி’ டிராம் அங்கே விடும். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் முன்பதிவு அவசியம்.

4. கட்டடங்கள்

பழைய கோட்டைச் சுவரை இடிக்க 1857-இல் பேரரசர் உத்தரவிட்டார். அந்த இடத்தில் வந்த வட்டச் சாலைதான் ரிங். அதை நடந்து பார்க்காதீர்கள், டிராமில் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். நடையை இரண்டு இடத்துக்கு மட்டும் வையுங்கள்.

ஒன்று, மிஹாயலர்பிளாட்ஸ் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் கட்டிய வீடு. அரண்மனைக்கு எதிரிலேயே, சன்னலைச் சுற்றி எந்த அலங்காரமும் இல்லாமல் எழுப்பினார். ஊர் கொதித்து ‘புருவமில்லாத வீடு’ என்றது. கடைசியில் பூத்தொட்டிகள் வைத்துச் சமாதானம் ஆனார்கள். இன்னொன்று, கார்ல்ஸ்பிளாட்ஸ் பக்கம் 1898-இல் எழுந்த செசெஷன் என்ற கலைக் கண்காட்சிக் கட்டடம். மேலே தங்க இலைக் கோளம். உள்ளூர்க்காரர்கள் அதை முட்டைக்கோஸ் என்பார்கள்.

அப்புறம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

5. நிற்கும் கலை

இங்கேதான் நான் வழுக்கினேன். தரைத்தளத்தில் அருமையான இடம் கிடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அங்கே ஒரு பாட்டி நின்றிருந்தார். நான் முறையிட வாயெடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கைப்பிடிக் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்த தன் சிவப்புக் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார். சுற்றிப் பார்த்தால் கம்பி முழுக்கத் துணிகள்!

நாம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். துணியைக் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய் வந்தார்கள், யாரும் அவிழ்க்கவில்லை. இப்போது டிக்கெட்டிலேயே இடம் குறித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் போடும் கோட்டு மாட்டி இடம் பிடிக்க நினைக்காதீர்கள், அதை வெளியே ஒப்படைக்கச் சொல்வார்கள். மெல்லிய துண்டுதான் சரி. நிற்பவர்களுக்கும் முன்னால் குட்டித் திரை உண்டு, பாடல் வரிகள் ஆங்கிலத்திலும் வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஜூலையில் போன நண்பர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். ஜூலை, ஆகஸ்டில் ஓபராவுக்கு விடுமுறை, நான்தான் முதலில் எழுத மறந்துவிட்டேன். மூசிக்ஃபெரைன் என்ற கச்சேரி அரங்கிலும் நின்று கேட்கும் இடம் உண்டா என்று இன்னொருவர் கேட்டார். உண்டு. 1870-இல் திறந்த அந்தத் தங்க மண்டபத்தில் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் விஷயம், அதனால் பின்வரிசை கிடைத்தாலும் கவலை வேண்டாம்.

முடிந்ததும் கம்பியில் கட்டியதை அவிழ்த்துக்கொள்ளுங்கள். என் நீலத் துண்டு அங்கேயே போய்விட்டது.