இடத்துக்கு ஒரு வாய்: உச்சரிப்பை மாற்றிப் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸின் எபேனில், எங்கள் அழைப்பு மையத்தில் புது அணி சேர்ந்தால் முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், யார் எந்தத் தவறைச் செய்யப்போகிறார்கள் என்று. பிரான்ஸ் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேச ஆட்களைப் பழக்குவதுதான் என் வேலை. வருகிற பிள்ளைகள் ஏற்கெனவே நாளுக்கு நாலு வாய் மாற்றுகிறவர்கள். வீட்டிலும் பேருந்திலும் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழி), அலுவலகத்தில் பாரிஸ் பிரெஞ்சு, மேலாளருக்கு ஆங்கிலம், கோயிலுக்குப் போனால் தெரிந்த அளவுக்குத் தமிழ். மொரீஷியஸில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது, செய்தித்தாள் பிரெஞ்சில் வருகிறது. ஆளுக்குத் தக்கபடி பேச்சை மாற்றாமல் இந்தத் தீவில் ஒரு நாள் ஓட்ட முடியாது. ‘இப்படி மாற்றிப் பேசுவது போலித்தனம் இல்லையா மிஸ்?’ என்று கேட்கிறவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை.

‘மெதுவாகப் பேசு’, ‘வாயைத் திறந்து பேசு’ என்பதையெல்லாம் யூடியூபில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ஓரளவு நன்றாகவே மாற்றிப் பேசத் தெரிந்தவர்கள் விழுகிற குழிகளை மட்டும் எழுதுகிறேன். அவற்றில் பாதியில் நானும் கிடந்து எழுந்தவள். அதனால் மற்றவர் விழும்போது பொறுமை வர வேண்டும். வருவதில்லை.

படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் எழுத்தில்லாத இரண்டு ஒலிகள் இதில் அடிக்கடி வரும். தொண்டையில் விரல் வைத்து ‘ஸ’ சொல்லுங்கள். அதே ஒலி தொண்டை அதிர வந்தால் அதை ‘ஃஸ’ என்று எழுதுகிறேன். ‘ஷ’ அதிர்ந்தால் ‘ஃஷ’.

எல்லா ஸ-வையும் ஷ ஆக்குவது

கிரியோல் பிரெஞ்சிலிருந்து பிரிந்தபோது சில ஒலிகளை உதறிவிட்டது. ஷ எல்லாம் ஸ ஆயிற்று: பிரெஞ்சுக்காரரின் பூனை ‘ஷா’, நம் பூனை ‘ஸாத்’. ஃஷ எல்லாம் ஃஸ ஆயிற்று: அங்கே சாப்பிடுவது ‘மான்ஃஷே’, இங்கே ‘மான்ஃஸே’. உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்கிற அந்தப் பிரெஞ்சு உயிரொலி வெறும் ‘இ’ ஆயிற்று.

இப்படிப் பேசி வளர்ந்த பிள்ளை வேலைக்கு வந்த முதல் நாளே ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது: நம்மைக் காட்டிக்கொடுப்பது இந்த ஸ-தான். பிடித்தது சரி. அடுத்துத் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறது: ஸ வரும் இடத்தில் எல்லாம் ஷ போடு, ஃஸ வரும் இடத்தில் எல்லாம் ஃஷ போடு. பிரெஞ்சிலேயே ஸ-வாக இருக்கிற ஸ-க்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. ‘ஸலாத்’ ‘ஷலாத்’ ஆகிறது. ‘கூஃஸேன்’ (கஸின்) ‘கூஃஷேன்’ ஆகிறது.

கேட்கிறவர் பக்கம் போய்ப் பாருங்கள். கிரியோல் சாயலோடு பேசினால், ‘ஏதோ தீவுக்காரர்’ என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்துவிடுவார். ‘ஷலாத்’ என்றால் எந்த ஊர் என்றே அவருக்குப் பிடிபடாது. பல் கட்டியிருக்கிறாரா, நாக்கில் ஏதாவது கோளாறா என்று யோசிக்கத் தொடங்குவார். மறைக்க நினைத்த ஊர் மறைந்தது உண்மைதான். பேச்சும் சேர்ந்து மறைந்தது.

இதன் கொடுமை எண்களில்தான் முழுதாக வெளியே வரும். ரோஸ் ஹில்லிலிருந்து வந்த ஒரு பையன், கெட்டிக்காரன், ஒரு வயதான அம்மாவுக்குப் பழுதுபார்ப்பவர் வரும் நேரத்தைச் சொன்னான். 16 மணி, அதாவது மாலை நாலு. பிரெஞ்சில் ‘ஸெஃஸ்’. இவன் சொன்னது ‘ஷெஃஷ்’. அந்த அம்மா ‘என்ன?’ என்றார். தன் உச்சரிப்பு இன்னும் போதவில்லை என்று இவன் நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி ‘ஷெஃஷ்’ என்றான். மறுபடியும் ‘என்ன?’. மறுபடியும் அதே அழுத்தம். கடைசியில் அந்த அம்மா சங்கடப்பட்டுச் ‘சரி, சரி’ என்று வைத்துவிட்டார். குறித்துக்கொண்டது 13, அதாவது ‘த்ரெஃஸ்’. ஒரு மணியிலிருந்து காத்திருந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நாலு மணிக்கு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். ஒப்பந்தம் ரத்து. ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டி, ‘இவனுக்கு இன்னும் உச்சரிப்புப் பயிற்சி கொடுங்கள்’ என்றார்கள். இருக்கிற பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன். யாருக்கும் புரியவில்லை.

எண்களை ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் ‘ஃஸேரோ’, ஃஸ-வில் தொடங்குகிறது. 11 முதல் 16 வரை ஆறும் ஃஸ-வில் முடிகின்றன: ஓன்ஃஸ், தூஃஸ், த்ரெஃஸ் என்று. 5, 6, 7, 60, 100 எல்லாம் ஸ-வில் தொடங்குகின்றன. ஷ-வோ ஃஷ-வோ வருகிற எண் பிரெஞ்சில் ஒன்றுகூடக் கிடையாது, ஆயிரம் கோடி வரை போனாலும். அந்தச் சட்டத்தை எண்களுக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் தவறுதான். பிரான்ஸின் தொலைபேசி எண்கள் பத்து இலக்கம், எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கும். வாயைத் திறந்த முதல் இலக்கத்திலேயே ‘ஃஷேரோ’. (தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும், அவர்கள் ‘ஜீரோ’வில் பிறந்து வளர்ந்தவர்கள்.)

தொலைபேசியும் இதற்குத் துணை போகிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் கிட்டத்தட்ட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டுமே கடத்தும். ஸ-வின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே, 4000-க்கு அப்பால் இருக்கிறது. ஷ-வின் இரைச்சல் கீழே 2500 வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்த இணைப்பில் ஸ மங்கும், ஷ துல்லியமாகப் போய்ச் சேரும். ஷ வர வேண்டிய இடத்தில் நீங்கள் கிரியோல்காரராக ஸ சொன்னால் பல நேரம் யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஸ வர வேண்டிய இடத்தில் ஷ போட்டால் தெளிவாக, பளிச்சென்று தவறு கேட்கும்.

இது நம் தீவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1960-களில் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் இதைப் பதிவு செய்தார். அங்கே உயிரொலிக்குப் பின் வரும் ர-வை உச்சரிப்பது மேல்தட்டின் அடையாளம். கவனமாகப் படித்துக் காட்டச் சொன்னபோது, கீழ்நடுத்தர வர்க்கத்தினர் தங்களுக்கு மேலே இருந்தவர்களையே மிஞ்சி ர போட்டார்கள். அடையாளம் எது என்று தெரிந்திருந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு நான் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: சட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். தொலைபேசி வேலையில் மெய்யாகவே மாற்ற வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். ‘போன்ஃஷூர்’ முதலாவது, ‘போன்ஃஸூர்’ என்று தொடங்கினால் அந்த அழைப்பு அங்கேயே மொரீஷியஸுக்கு வந்துவிட்டது. பிறகு ‘நான்’ என்பதற்கான ‘ஃஷ’, ஜனவரி, ஜூன், ஜூலை, வியாழன், ஞாயிறு, காசோலை, மாற்றுவது, செய்தி. இவற்றை ஒவ்வொன்றாகப் பழகுங்கள். எண்களில் 2, 9 இரண்டின் உயிரொலியைச் சரி செய்யுங்கள்; 1-க்குப் பெண்பாலில் ‘யுன்’ (உதடு குவித்த அந்த ‘இ’) வரும் இடத்தையும் பாருங்கள். மற்ற எண்களின் ஸ, ஃஸ இரண்டும் அம்மா வீட்டில் சொன்னபடியே இருக்கட்டும். வீட்டுக் கிரியோலின் ‘ஸெஃஸ்’ பாரிஸின் ‘ஸெஃஸ்’தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அந்த நம்பிக்கையின்மைதான் எனக்கு ஆறவே ஆறாத எரிச்சல்.

எதிராளியின் ராகத்தைத் திருப்பிப் பாடுவது

மார்செய் பக்கத்து ஆட்கள் பேசினால் சொல்லின் கடைசி ‘எ’ விழாமல் நிற்கும், மூக்கொலிக்குப் பின் சின்ன ‘ங்’ ஒட்டியிருக்கும். கேட்கவே இனிமை. எங்கள் பெண் ஒருத்தி அதை இரண்டாவது நிமிடத்திலேயே பிடித்து அவரிடமே திருப்பிப் பாடினாள். கேலி செய்கிறாயா என்று கேட்டுவிட்டு அவர் மேலாளரைக் கூப்பிடச் சொன்னார்.

பேசுகிறவரின் சாயல் நமக்குக் கொஞ்சம் ஒட்டுவது இயல்பு; ஹோவர்ட் கைல்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். தானாக ஒட்டுவதை எதிராளி உணர்வதில்லை, வேண்டுமென்றே ஒட்டவைத்தது உடனே தெரிந்துவிடும். நெருக்கம் வேண்டுமென்றால் அவருடைய வேகத்தையும் இடைவெளியையும் பின்பற்றுங்கள். உயிரொலிகளைத் தொடாதீர்கள்.

சந்தைக்குப் பாரிஸைக் கூட்டிப்போவது

எட்டு மணி நேரம் ஒரு மாதிரி பேசிய வாய் ஆறு மணிக்குத் தானாகத் திரும்பாது. அப்படியே காத்ர் போர்ன் சந்தைக்குப் போய், நாமெல்லாம் ‘பொம்தாமூர்’ என்று வாங்குகிற தக்காளிக்கு ‘தொமாத்’ என்று விலை கேட்டால், விற்கிறவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு விலையை ஏற்றுவார். இரண்டாவது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உறவுகளிடம் விலை இன்னும் அதிகம். வேலையிலிருந்து நேராகப் போன ஒருத்தி தன் தான்தினிடம் (அத்தையிடம்) அதே வழவழப்போடு ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்றாளாம். இடுப்பில் தூக்கி வளர்த்த தான்தின், வாழ்நாள் முழுக்க ‘தோ’ (நீ) போட்டுக் கூப்பிட்டவள், அன்று சிரிக்காமல் ‘ஊ’ (நீங்கள்) போட்டுப் பதில் சொன்னாள். வீட்டுக்குள் மரியாதைப் பன்மை வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் திட்டு வேண்டாம். பேருந்தில் இறங்கும் முன் யாரையாவது கூப்பிட்டு இரண்டு நிமிடம் கிரியோலில் வம்பளந்துவிட்டுப் போங்கள். வாய் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

பெயர்

அலுவலகம் கொடுத்த ‘நிக்கோலா’ தொலைபேசிக்கு. அம்மா கூப்பிடும்போது வீராசாமியைப் பிரெஞ்சு வாயில் ‘வெராஸமீ’ என்று சொல்லித் திரும்பாதீர்கள்.

கோயிலில் திருத்துவது

இது அழைப்பு மையத்துக்காரர்களின் தவறு அல்ல. மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனத்திலோ தமிழ்நாட்டிலோ தமிழ் படித்துவிட்டு வருகிறவர்களுடையது. வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது பெரியவர் ஒருவர் ‘ரஸோன்’ கேட்பார். ‘ரசம் என்று சொல்லுங்கள் ஐயா’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைப் பந்தியை விட்டு எழுப்பிவிட வேண்டும்.

லபூர்தொனே ஆளுநராக இருந்த 1735-க்குப் பிறகான காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிரெஞ்சோடு உரசி உரசி ‘அம்’ என்ற முடிவு மூக்குக்குள் போய்விட்டது. போர்ட் லூயிஸில் உள்ள கோயிலின் பெயரே ‘கைலாஸோன்’ என்றுதான் ஊரார் வாயில் இருக்கிறது. பெரியவர் பேசுவது கிரியோல், அதில் அவர் சொன்னது சரி. தேவாரம் ஓதும்போது வேண்டுமானால் உங்கள் ழகரத்தைக் காட்டுங்கள்.

சென்னையில் சினிமாத் தமிழ்

இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் முதல் மாதம் ஆட்டோக்காரரிடம் ‘மயிலாப்பூர் செல்ல இயலுமா?’ என்கிறார்கள். அவர் சிரிப்பார், ஆனால் கூட்டிப்போவார். ஆபத்து இரண்டாவது மாதம். புத்தகத் தமிழைக் கழற்றும் அவசரத்தில், படத்தில் கேட்ட ‘இன்னாபா’வை மாட்டிக்கொண்டு அதை வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு உங்கள் வாயில் வரும்போது நக்கலாகவே கேட்கும். ‘ங்க’ சேர்த்துக்கொள்ளுங்கள்: போறீங்களா, சொல்லுங்க, வேணாங்க. மூன்று வருடம் அதிலேயே ஓட்டிவிடலாம்.

கூடவே ட-வைக் கவனியுங்கள். பிரெஞ்சு பல்லில் தட்டிப் பழக்கிய நாக்கு மடங்காது. ‘ஒரு பாட்டு பாடு’ என்பது ‘ஒரு பாத்து பாது’ என்று வரும்.

கோபத்தில்

பழைய வாய்தான் வரும். வரட்டும்.

தன் காதையே நம்புவது

நாம் எதைச் சொல்ல நினைத்தோமோ அதுதான் நம் காதில் விழும். ‘ஷெஃஷ்’ சொன்ன பையனுக்குத் தான் சொன்னது சரியான ‘ஸெஃஸ்’ என்றே கேட்டது. ஒலிப்பதிவைப் போட்டபோதும் முதல் இரண்டு தடவை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நீங்களே கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்வதில் பயனில்லை. ஏதாவது பத்து இலக்க எண்ணைக் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்து, உங்களைத் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். உச்சரிப்பு எப்படி என்று கேட்காதீர்கள், நாகரிகத்துக்காக நன்றாக இருக்கிறது என்பார். அவர் எழுதிய எண்ணை மட்டும் வாங்கிப் பாருங்கள். பத்தும் சரியாக இருந்தால் வேலைக்கு அந்த உச்சரிப்பு போதும். ஒன்று தவறினாலும், முதலில் ஷ-வைத் தேடுங்கள்.