தேர்தல் நேரத்தில் ஊர்க் குழுவுக்கு அட்மினாக இருப்பது எப்படி

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் விடும் நேரம், கரண்ட் நிறுத்தம், ரத்தம் தேவை, துக்கச் செய்தி எல்லாம் வரும். மெடிக்கல் கடை வைத்திருப்பதால் எல்லாக் கட்சிக்காரர்களும் எனக்குப் பழக்கம். அதனால் அட்மின் பொறுப்பு என்னிடம் வந்தது.

தேர்தல் வந்தாலே 'அரசியல் பேசக் கூடாது' என்று போட்டுவிடும் அட்மின்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்பதும் அரசியல்தான். அதைப் பேச முடியாத ஊர்க் குழு எதற்கு?

விதிகளைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சண்டை வந்த பிறகு போட்டால், யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்டதாகத்தான் படும். எங்கள் விதி இதுதான்: ஆட்சியையும் திட்டத்தையும் வேட்பாளரையும் சொந்த வார்த்தையில் விமர்சிக்கலாம், கட்சி வீடியோ, போஸ்டர், ஃபார்வர்டு வேண்டாம், குழுவில் இருப்பவரையோ சாதி, மதத்தையோ இழுக்கக் கூடாது. இன்னொரு அட்மினாக, உங்களுக்கு நேரெதிர் கட்சிச் சார்புள்ள, நிதானமான ஒருவரைப் போடுங்கள். இதைத் தவிர்க்கவே வேண்டாம். அவர் ஒரு பதிவை நீக்கினால் அவர் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது என்று பொருள். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படம், வேறு மாநிலத்துப் படம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒரு பதிவை நீக்குவதற்கு முன் அதைப் போட்டவருக்கு ஃபோன் செய்யுங்கள். அட்மின் நீக்கினால் யார் நீக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும், அது போட்டவருக்கு அவமானம். "அண்ணே, அந்தப் படம் பழசு, நீங்களே எடுத்துருங்களேன்" என்று தனியாகச் சொன்னால் அநேகமாக எடுத்துவிடுவார்கள். குழுவில் வைத்துக் கண்டித்தால் அவருக்குப் பரிந்துகொண்டு நான்கு பேர் வருவார்கள். ஆனால் சாதி, மத வசவுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள், அப்புறம் பேசலாம்.

சண்டை முற்றினால் 'அட்மின்கள் மட்டும்' எழுதலாம் என்று மாற்றி, காலையில் திறந்துவிடுங்கள். தேர்தல் முடியும்வரை பூட்டி வைக்காதீர்கள். ரத்தம் கேட்டு ஒருவர் எழுத வேண்டியிருக்கும்.

வாக்குப்பதிவு முடிந்தால் சூடு தணியும் என்று நினைக்க வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. இடையில் 46 நாள். கையில் செய்தி இல்லாத அந்த நாட்களில்தான் வதந்தியும் பந்தயமும் அதிகம். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1. அன்று மாலைவரை எக்ஸிட் போல் வெளியிடுவதற்கே தடை இருந்தது. ஆகவே இப்படிப்பட்ட இடைவெளியில் 'எக்ஸிட் போல்' என்று எது வந்தாலும் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். எண்ணிக்கை நாளில் வென்றவருக்கு வாழ்த்துச் சொல்லலாம், தோற்ற கட்சிக்காரரைப் பேர் சொல்லிச் சீண்ட விடக் கூடாது.

உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி, கண்ணில் பட்டதைக் கண்டுகொள்ளாமல் விடுவது சரியில்லை.

சத்தம் போடுகிறவர்களைவிட அமைதியாகிவிட்டவர்களைக் கவனியுங்கள், முக்கியமாகப் பெண்களை. தினமும் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் ஏதோ புண்பட்டிருக்கிறது. ஒருவர் குழுவை விட்டு விலகினால் அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும்தான் வரும். அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் மறுபடி சேர்க்காதீர்கள்.